கலவை ஆறும் நேரமும் வண்டி காத்திருக்கும் நேரமும்: சாலைப்பணி மேஸ்திரியின் கணக்கு

கலவை ஆலையிலிருந்து டிப்பர் கிளம்பும்போது அதில் இருக்கும் தார்க் கலவை ஏறத்தாழ 160 டிகிரி சூட்டில் இருக்கும். பரவலாகப் பயன்படும் வி.ஜி.-30 ரகத் தாருக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு சொல்லும் அளவு இது: கலக்கும்போது 150 முதல் 165 டிகிரி, சாலையில் விரிக்கும்போது 140-க்குக் குறையக் கூடாது, ரோலர் ஓட்டி முடிப்பதற்குள் 90-க்குக் கீழே இறங்கிவிடக் கூடாது. ரோலர் விலகியதும் அதே விவரக்குறிப்பு நேர்மாறாகச் சொல்கிறது. போட்ட தளம் சுற்றுப்புற வெப்பத்துக்குத் தணியும்வரை அதன்மேல் வண்டி விடக் கூடாது. ஆக, போடும்வரை சூடு போகக் கூடாது, போட்ட பிறகு சூடு போகாமல் திறக்கக் கூடாது.

சாலை மூடிக் கிடந்தால் இது வெறும் வெப்பக் கணக்குதான். பராமரிப்பு வேலையில் சாலை மூடப்படுவதே இல்லை. பாதிச் சாலையில் கலவையை விரித்துப் போடும் இயந்திரமான பேவர் ஓடும். மறுபாதியில் டவுன் பஸ், கரும்பு டிராக்டர், பள்ளிக்கூட வேன், மூன்று பேரை ஏற்றிய பைக் எல்லாம் போகும். கலவை ஆறிவிடுமே என்று அவசரப்பட்டால் கலவையை இழுத்துச் சமன்செய்யும் ரேக்கைப் பிடித்துக் குனிந்து நிற்கும் ஆள்மேல் வண்டி ஏறும். வண்டிகளுக்காக நிறுத்தி நிறுத்தி வேலை செய்தால் கலவை இறுகிவிடும். இறுகிய கலவை ரோலர் எத்தனை முறை போனாலும் அமுங்காது. உள்ளே இடைவெளி நிற்கும், அதில் தண்ணீர் இறங்கும், அடுத்த ஐப்பசி மழையில் ஜல்லி ஜல்லியாகப் பெயரும்.

இந்த இரண்டு நேரங்களையும் ஒரே சமயத்தில் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்தான் சாலைப்பணி மேஸ்திரி. கம்பெனி சைட்டில் ஃபோர்மேன் என்பார்கள், சில இடங்களில் சூப்பர்வைசர். பெயர் எதுவானாலும் கடினமான பகுதி தார் போடுவதில் இல்லை, போக்குவரத்தைப் பிடித்து நிறுத்துவதில் இருக்கிறது என்பதே என் முடிவு. ஆனால் அவருக்குக் கிடைக்கும் கூலி, திட்டு, பாராட்டு மூன்றும் தாரை மட்டுமே பார்த்து வருகின்றன.

அவர் பெரும்பாலும் படித்து வந்த பொறியாளர் அல்ல. ஐ.டி.ஐ. முடித்தவர் உண்டு, டிப்ளமோக்காரர் உண்டு. ஆனால் ரோலர் கிளீனராகவோ ஜல்லி தட்டும் ஆளாகவோ வந்து, பேவரின் பின்புறம் கலவையை மட்டப்படுத்தும் ஸ்க்ரீடில் நின்று, பதினைந்து இருபது வருடம் கழித்து ஒரு கும்பலுக்குத் தலைவரானவர்களே அதிகம். மேலே ஒப்பந்தக்காரரின் சைட் இன்ஜினியர். அவருக்கும் மேலே துறையின் சாலை ஆய்வாளர், உதவிப் பொறியாளர். கீழே பேவர் ஆபரேட்டர், ரோலர் டிரைவர், எமல்ஷன் (தாரைத் தண்ணீரோடு கலந்த ஒட்டுத் திரவம்) தெளிப்பவர், ரேக் போடுபவர்கள், கொடி பிடிக்கும் ஆட்கள். மேலே இருப்பவர்கள், முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, பின்னால் வந்துகொண்டிருக்கும் டிப்பரை நிறுத்து என்று கத்த வேண்டியவர் இவர் ஒருவரே.

டிப்பர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாலைப் பணியாளர்களுக்கு ஆபத்து வெளி வண்டிகளால் மட்டும் வருவதில்லை. பின்னோக்கி வரும் டிப்பரும், முன்னும் பின்னும் போய்வரும் ரோலரும் சொந்த ஆட்களையே நசுக்கியிருக்கின்றன. பேவரின் இரைச்சலில் ரிவர்ஸ் ஒலி காதில் விழாது. அதனால் டிப்பர் பின்னால் வரும்போது வழிகாட்ட ஒரே ஒரு ஆள்தான் இருக்க வேண்டும், அவரும் டிரைவரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். ஆளுக்கு ஆள் ‘வா வா’ என்று கை காட்டும் சைட்டில் இன்றில்லாவிட்டால் நாளை விபத்து நடக்கும். கிராமத்துச் சாலை என்றால் தொட்டியைத் தூக்கும் முன் மேலே பார்க்க வேண்டும். தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியில் டிப்பர் தொட்டி உரசி உயிர்கள் போயிருக்கின்றன. நல்ல மேஸ்திரி சைட்டுக்கு வந்து இறங்கியதும் முதலில் தரையைப் பார்ப்பதில்லை, அண்ணாந்துதான் பார்ப்பார்.

இனிப் போக்குவரத்து. இந்தியாவில் சாலைப் பணிக்கான தரங்களை வகுக்கும் அமைப்பு 1934-ல் தொடங்கிய இந்தியச் சாலைகள் காங்கிரஸ், சுருக்கமாக ஐ.ஆர்.சி. வேலை நடக்கும் இடத்தில் போக்குவரத்தை எப்படி நடத்துவது என்பதற்கு அதன் எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி இருக்கிறது. 2014-ல் திருத்தி வெளியிட்டார்கள். வேலை நடக்கும் சாலையை அது நான்கு துண்டாகப் பிரிக்கிறது: முன்கூட்டியே எச்சரிக்கும் பகுதி, வண்டிகளை மெல்ல ஒரு பக்கம் ஒதுக்கும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, பழைய தடத்துக்குத் திரும்ப விடும் பகுதி. காகிதத்தில் பார்த்தால் எளிது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

80 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க 2.5 நொடி ஆகும் என்று ஐ.ஆர்.சி. கணக்கிடுகிறது. அந்த 2.5 நொடியிலேயே வண்டி 55 மீட்டர் வந்துவிடும். அதுவரை வேகம் துளியும் குறைந்திருக்காது. முழுதாக நிற்க 120 மீட்டர் தேவை. 100 கி.மீ. வேகமென்றால் 180 மீட்டர். தேய்ந்த டயரும் கூடுதல் பாரமும் உள்ள லாரிக்கு இதுவும் போதாது. இப்போது நம் ஊர்ச் சாலைகளில் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். வேலை நடக்கும் இடத்துக்கு இருபது அடி முன்னால் ஒரு பேரிகேட், அதில் ஒப்பந்தக்காரர் பெயர், பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி. ஓட்டுநர் அதைப் பார்க்கும்போது அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்தப் பேரிகேட் எச்சரிக்கை ஆகாது, முதலில் மோதப்படும் பொருளாகத்தான் ஆகும்.

முதல் பலகை தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மேஸ்திரிக்குத் தெரியாமல் இல்லை. 300 மீட்டர் நடந்து போய்ப் பலகை வைக்க, வேலை நகர நகர அதையும் நகர்த்த, ராத்திரி அது களவு போகாமல் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளை ஒப்பந்தக்காரர் தரமாட்டார். கொடுத்த பத்துப் பேரில் ஒருவரை அனுப்பினால் ரேக் போட ஆள் குறையும்.

வேலைப் பகுதிக்கும் ஒதுக்கும் பகுதிக்கும் நடுவே கொஞ்ச தூரம் வெறுமையாக விட வேண்டும் என்றும் வழிகாட்டி சொல்கிறது. தடுப்பாக வரிசையில் வைத்த பிளாஸ்டிக் கூம்புகளை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்த வண்டி ஆட்களைத் தொடும் முன் நிற்பதற்கான இடம் அது. பார்க்கச் சும்மா கிடக்கும் இடம். அதனாலேயே மெல்ல மெல்ல நிரம்பிவிடும்: எமல்ஷன் டிரம் அங்கே, காலி டிப்பர் அங்கே, மேஸ்திரியின் பைக் அங்கே, சாப்பிட்டுக் கண் அயரும் ஆட்களும் அங்கே. வேலையில்லாத இடம் பாதுகாப்பான இடம் என்று மனம் நம்பிவிடுகிறது. உண்மையில் சைட்டிலேயே ஆள் நிற்கக் கூடாத இடம் அதுதான்.

இரு வழிச் சாலையில் ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கத்தில் மாற்றி மாற்றி வண்டி விடுவதுதான் மேஸ்திரியின் திறமைக்கு உண்மையான சோதனை. இரு முனையிலும் ஒவ்வொரு கொடி ஆள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்தால் கொடியே போதும். வளைவோ மேடோ நடுவில் வந்தால் வாக்கி-டாக்கி அல்லது செல்போன். சிக்னல் இல்லாத மலைப்பாதையில் பழைய முறை ஒன்று உண்டு: கடைசியாக விடும் வண்டியின் நிறத்தையோ எண்ணையோ சொல்லியனுப்புவது, அல்லது அந்த வண்டிக்காரரிடமே ஒரு கொடியைக் கொடுத்து மறுமுனையில் சேர்ப்பிக்கச் சொல்வது. கொடி வந்து சேர்ந்தால் பாதை காலி.

இதிலுள்ள கணக்கைப் பலரும் கவனிப்பதில்லை. அடைத்த நீளம் 500 மீட்டர், வண்டிகள் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தை நிறுத்திய பிறகு கடைசி வண்டி மறுமுனை போய்ச் சேர 90 நொடி. எதிர்ப்பக்கத்துக்கும் அதே 90 நொடி. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று நிமிடம் யாரும் புதிதாக நுழைய முடியாமல் போகிறது. நீளத்தை 200 மீட்டராகக் குறைத்தால் அந்த மூன்று நிமிடம் ஒரு நிமிடம் 12 நொடியாகிவிடும். காத்திருப்பவர் எரிச்சல் அடைவதும், ஹாரன் அடிப்பதும், கொடி ஆளை ஒதுக்கித் தள்ளிவிட்டு எதிர்த் திசையில் பைக்கை நுழைப்பதும் இந்த நீளத்தைப் பொறுத்தவை. ஆனால் நீளம் குறைந்தால் பேவர் அடிக்கடி நிற்க வேண்டும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு குறுக்கு இணைப்பு விழும், அந்த இணைப்புதான் பிறகு முதலில் விரியும். ஒப்பந்தக்காரர் நீளமாக அடை என்பார். ஊர்மக்கள் சீக்கிரம் திற என்பார்கள். எத்தனை மீட்டர் என்பதை முடிவு செய்பவர் மேஸ்திரி. அவருக்கு இருக்கும் ஒரே உண்மையான அதிகாரம் அது. நன்றாகப் பயன்படுத்துபவர்கள் பள்ளி விடும் நேரம், ஆலை ஷிப்ட் மாறும் நேரம், சந்தை நாள் எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் அன்றைய நீளத்தைத் தீர்மானிக்கிறார்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிப் பாதைகளில் வேலை வந்தால் வண்டிக் கணக்கு மட்டும் பார்த்து முடியாது. இரவு முழுக்க நடந்து வரும் பாதயாத்திரைக்காரர்களுக்கு நடைவழி ஒதுக்கிவிட்டுத்தான் மற்றது.

கொடி பிடிப்பதை எளிய வேலையென்று நினைத்து, கும்பலில் வயதானவரிடமோ அன்றைக்குத்தான் வந்து சேர்ந்த வெளிமாநிலப் பையனிடமோ கொடுப்பது எங்கும் நடக்கிறது. தமிழ் தெரியாத பையனை லாரிக்காரர் திட்டும்போது அவன் என்ன செய்வான்? ஒதுங்கி வழி விடுவான். எதிரே வண்டி வந்துகொண்டிருந்தாலும் விடுவான். காக்கிச் சட்டைக்கு நிற்பவர்கள் ஆரஞ்சு அங்கிக்கு நிற்பதில்லை என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. அதனால்தான் அனுபவமுள்ள மேஸ்திரிகள் கும்பலிலேயே குரலும் நிதானமும் உள்ள ஆளைக் கொடிக்கு வைப்பார்கள், 108 ஆம்புலன்ஸ் வந்தால் எந்தப் பக்கம் திறப்பது என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி வைப்பார்கள்.

வேலை முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. பலகைகளை வைக்கும்போது வண்டி வரும் திசையிலிருந்து, தூரத்துப் பலகை முதலில், கூம்புகள் கடைசியில். எடுக்கும்போது அப்படியே தலைகீழ்: கூம்பு முதலில், தூரத்துப் பலகை கடைசியில். இந்த வரிசை மாறினால் எச்சரிக்கை எதுவும் இல்லாத சாலையில் ஆட்கள் நின்று கூம்பு பொறுக்க வேண்டிவரும். அதைவிடக் கொடியது, எடுக்காமலே போவது. கூம்பு இல்லாத சைட்டுகளில் சுண்ணாம்பு அடித்த பாறாங்கல், மண் மூட்டை, தார் டிரம், வெட்டிப் போட்ட மரக்கிளை இவைதான் தடுப்பு. கூம்புக்கு விலை உண்டு, எண்ணித் திரும்பக் கொண்டு போவார்கள். கல்லுக்கு யார் கணக்கு வைப்பது? டிப்பர் கிளம்பிவிடும், கல் அங்கேயே கிடக்கும். மறுநாள் இரவு எதிரே வரும் ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் கூசிய ஒருவர் பைக்கோடு அதில் ஏறுவார். அப்போது அங்கே எந்த வேலையும் நடந்துகொண்டிருக்காது. அதனால் அது சாலைப்பணி விபத்தாகப் பதிவாவதும் சந்தேகமே.

பள்ளம் அடைப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் முறை எல்லோருக்கும் தெரியும், செய்வதுதான் இல்லை. பள்ளத்தின் ஓரத்தைச் சதுரமாக, செங்குத்தாக வெட்டி, உள்ளே இருக்கும் மண்ணையும் ஈரத்தையும் நீக்கி, எமல்ஷன் தடவி, கலவை போட்டு இறுக்க வேண்டும். வட்டப் பள்ளத்தில் அப்படியே கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டினால் ஓரத்தில் அது மெல்லிய தோலாக நிற்கும், முதல் லாரியிலேயே உரியும். ஒரு பள்ளத்தை ஒழுங்காக வெட்டி அடைக்க ஆகும் நேரம் முழுக்க ஓடும் சாலையின் நடுவே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். தடுப்பு இல்லாத கும்பல் அந்த நேரத்தைச் செலவிடத் துணியாது. ஆக, ஒட்டு நிற்காமல் போவதற்குக் கலவை மட்டும் காரணமல்ல. சாலையில் பாதுகாப்பாக உட்கார வழியில்லாததும் காரணம். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 1,856 பேர் பள்ளங்களால் இறந்தார்கள் என்று மத்திய அரசின் விபத்து அறிக்கையே சொல்கிறது.

நகரும் வேலைகள் இதைவிடச் சிக்கல். நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் வளரும் அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் டேங்கர் லாரியை எல்லோரும் பார்த்திருப்போம். அது போவது வலதுபுறத் தடத்தில், அதாவது மிக வேகமான வண்டிகள் வரும் தடத்தில், ஆள் நடக்கும் வேகத்தில். பின்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடந்து வருவார், சில நாள் அவரும் இருக்கமாட்டார். செடி வெட்டும் பெண்கள் அதே தடத்தின் ஓரத்தில் குனிந்திருப்பார்கள். சிங்கப்பூரின் விரைவுச்சாலைகளில் இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பின்னால், மோதலைத் தாங்கும் மெத்தை போன்ற அமைப்பைப் பின்புறம் பொருத்திய, மின்னும் அம்புப் பலகை கொண்ட லாரி வரும். அங்கே அந்த வேலையைச் செய்பவர்களில் புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் போன நம் ஆட்களும் உண்டு. அதே கைகள், அதே கும்பல் ஒழுங்கு. பின்னால் நிற்கும் லாரியும், அதற்குப் பணம் ஒதுக்கிய ஒப்பந்தமும்தான் வேறு.

பணம் என்ற இடத்தில்தான் முடிச்சு இருக்கிறது. அமைச்சகத்தின் விவரக்குறிப்பில் 112-வது பிரிவு, வேலை நடக்கும்போது போக்குவரத்துக்கான ஏற்பாடுகளைப் பற்றியது. பலகை, தடுப்பு, கொடி ஆள், இரவு விளக்கு என்று எல்லாவற்றையும் ஒப்பந்தக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு, அவை வேலையோடு சேர்ந்த துணைச் செலவு, தனியாகப் பணம் கிடையாது என்கிறது. தற்காலிக மாற்றுப்பாதை அமைத்தால் மட்டும் மீட்டர் கணக்கில் அளந்து பணம் தருவார்கள். இதன் விளைவை யோசியுங்கள். தார்க் கலவைக்கு ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒப்பந்தக்காரருக்கு வரவு. கூம்புக்கு ஒவ்வொன்றும் செலவு மட்டும். விலைப்புள்ளியில் ஒருவரை ஒருவர் முந்தக் குறைக்கும்போது எது முதலில் வெட்டப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தளத்தின் தடிமன் குறைந்தால் துளையிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். எச்சரிக்கைப் பலகை இல்லாமல் வேலை நடந்ததற்கு மறுநாள் காலையில் எந்தத் தடயமும் இருக்காது.

இந்த வேலையைத் துறையின் சொந்த ஆட்கள் செய்த காலமும் இருந்தது. தமிழக நெடுஞ்சாலைத் துறையில் 1997-ல் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். சாலையோரப் புருவங்களை (தார்த் தளத்தை ஒட்டிய மண் ஓரங்களை) செப்பனிடுவது, முட்செடி வெட்டுவது, சிறு பள்ளங்களை அடைப்பது, மழையில் வடிகால் திறந்துவிடுவது அவர்கள் வேலை. 2002 செப்டம்பரில் அவர்கள் மொத்தமாக வேலை நீக்கம் செய்யப்பட்டு, 2006-ல்தான் திரும்ப எடுக்கப்பட்டார்கள். இடையில் போன 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கக் கோரி அதன்பின் பல ஆண்டுகள் போராடினார்கள். ஒரே சாலையில் வருடக்கணக்காக இருந்தவருக்கு எந்த வளைவில் விடியற்காலைப் பனி இறங்கும், எந்தப் பாலத்தருகே பஸ் வேகம் பிடிக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. இன்றைய ஒப்பந்தக் கும்பல் போன மாதம் வேறு மாவட்டத்தில் இருந்தது, அடுத்த மாதம் எங்கே என்று அதற்கே தெரியாது. அந்த ஊர் அறிவை ஈடுசெய்ய எழுதப்பட்ட திட்டம் வேண்டும். எழுதப்பட்ட திட்டமோ பெரும்பாலும் கோப்பில் இருக்கிறது, மேஸ்திரியின் சட்டைப்பையில் இல்லை.

சென்னையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போட்டுப் போட்டு வீடுகள் பள்ளத்தில் போவதால், சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு, அதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் ஒரே இரவில் முடிந்த வேலை அதனால் இரண்டாகப் பிரிந்தது. சுரண்டிய நாளுக்கும் போடும் நாளுக்கும் நடுவே, வரிவரியாகக் கீறிய தளத்தில், தலை தூக்கி நிற்கும் மேன்ஹோல் மூடிகளுக்கு நடுவே ஸ்கூட்டர்கள் போகின்றன. அந்த இடைநாட்களில் மேஸ்திரியும் கும்பலும் வேறு தெருவில் இருப்பார்கள். சுரண்டிய தெருவுக்குப் பொறுப்பாளர் யார் என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

சட்டம் ஒன்றும் சொல்லாமல் இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புக்கான பாதுகாப்புத் தரங்களைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நடைமுறையில் விபத்து நடந்த இரவு போலீஸ் முதலில் தேடுவது அங்கே நின்றிருந்த மேஸ்திரியை. ஆள் கேட்டுக் கிடைக்காதவர், கூம்பு கேட்டுக் கிடைக்காதவர், நிறுத்தச் சொல்லும் உரிமை இல்லாதவர் அவர்.

செய்யக்கூடியது ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. தமிழக நெடுஞ்சாலைத் துறை பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கிப் பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுபோன செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தத்தில், ஐந்தாண்டுக்குச் சாலையை நல்ல நிலையில் வைத்திருப்பதற்குத்தான் பணம். குறித்த காலத்துக்குள் பள்ளத்தை அடைக்காவிட்டால் பிடித்தம். அந்தப் பட்டியலிலேயே வேலைநாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று போக்குவரத்து ஏற்பாட்டுக்கு ஒரு வரி சேர்க்கலாம். முதல் பலகை முதல் கடைசிக் கூம்பு வரை வேலை தொடங்கும் முன் எடுத்த ஒரு படமும், எல்லாவற்றையும் அகற்றிய பின் எடுத்த ஒரு படமும் இருந்தால் அன்றைய பணம், இல்லையேல் பிடித்தம். அதோடு, தடுப்பு சரியாக இல்லாத சைட்டில் கலவை டிப்பரைத் திருப்பி அனுப்பும் உரிமை மேஸ்திரிக்கு எழுத்தில் வேண்டும். திரும்பிப் போகும் கலவையின் விலையை அவர் கூலியில் பிடிக்கக் கூடாது என்ற வரியும் அதன் கீழேயே வேண்டும்.